குப்பைக்குப் போகும் செல்வம்

சிக்கனம் ஏழையின் அடையாளம், வசதி வந்தபின் அது எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். கற்றோரும் அவ்வாறு கேட்பதுதான் வியப்பு.

ஜார்ஜ் டவுனின் திருமண விருந்துகளைக் காண்க. இலை நிறையப் பரிமாறுகிறோம். பாதியை மூடி எறிகிறோம். தீவின் குப்பை கடல் கடந்து, நிபோங் திபாலை அடுத்த புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அம்மேடு தீப்பற்றியபோது புகையில் தவித்தவர் விருந்துண்ட நாமல்லர், அவ்வட்டாரத்து மக்கள்.

பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கியும், வாழைக்காய்த் தோலைப் பொரியலாக்கியும், அரிசி கழுவிய நீரைக் குழம்பில் சேர்த்தும் குடும்பம் நடத்தினர் நம் பாட்டிமார். வறுமை கற்பித்த பாடமே அது. தத்துவமென்று முடிசூட்ட வேண்டியதில்லை. ஆயினும் வறுமையோடு சேர்த்து அவ்வறிவையும் புதைத்தது என்ன நியாயம்?

ஒப்பனையிலும் இதே கதைதான். பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் இருந்த இடத்தில் இன்று பத்துக் குப்பிகள். ஒன்று பாதி தீருமுன் அடுத்தது. மேனியை வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. கறுத்த மேனி இழிவென்று நம்பவைத்தே அவற்றை விற்கின்றனர். நாமும் நம்பி வாங்குகிறோம்.

குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென்று 2016இல் பினாங்கு மாநில அரசு விதித்தது. பிரித்தால் போதுமா? குறைக்க வேண்டாமா? ஆசிரியர்களே, அடுத்த பள்ளி விருந்தில் மீந்த உணவை மாணவரைக்கொண்டு எடைபோடச் செய்யுங்கள். அந்த எண்ணை வெண்பலகையில் எழுதி, ஒரு வாரம் அழிக்காது வையுங்கள்.