பழைய கட்டுப்பாட்டு யந்திரமும் புதிய அச்சுப் பொறியும்

மின்நிலையம், சிமெண்டு ஆலை, நீரேற்று நிலையம் போன்றவற்றின் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு சிறிய அச்சுப் பொறி நெடுங்காலமாக இடம் பெற்று வந்திருக்கிறது. மை நாடாவின்மீது ஊசிகள் மோத, ஓரங்களில் துளையிட்ட மடிப்புக் காகிதத்தில் வரிவரியாக எழுதும் டாட் மேட்ரிக்ஸ் பொறி அது. எந்த வால்வு எப்பொழுது மூடியது, எந்த மின்னாக்கி எந்த நொடியில் நின்றது என்பதை எவரும் கேளாமலே எழுதி வைப்பது அதன் வேலை. அது பழுதுற்றால், காகிதம், கோப்பு உறை முதலியவற்றோடு சேர்த்துக் கடையில் புதியதொன்றை வாங்கிவிடலாம் என்று அலுவலகங்கள் எண்ணுவதுண்டு. அவ்வாறு எண்ணுவது தவறு என்பது என் துணிபு.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதிகளை எடுத்துக்கொள்வோம். வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை 1984-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. கஞ்சிக்கோட்டில் மத்திய அரசின் இன்ஸ்ட்ருமெண்டேஷன் நிறுவனம் கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்தளித்து வந்தது. இடுக்கித் திட்டத்தின் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையம் 1976-இல் திறக்கப்பெற்றுப் பின்னர் ஆறு யந்திரங்களும் 780 மெகாவாட் திறனும் உடையதாக வளர்ந்தது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அணையையும் இடுக்கி மாவட்டத்து முல்லைப் பெரியாறு அணையையும் இயக்கும் பொறுப்போ தமிழ்நாட்டினுடையது. எந்த இடத்தில் எந்தப் பொறி இருக்கிறது என்று கணக்கெடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று பெயர்ந்து வெள்ளம் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது நினைவிருக்கலாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நீர் என்பதே அத்தகைய வேளையில் ஆற்றங்கரை ஊரார் கேட்கும் முதற் கேள்வி. இரண்டு மாநில அரசுகளும் அதையே கேட்கும். அதற்கு விடை தரும் பதிவு எதுவாயினும் அதில் ஒரு வரிகூட விடுபடலாகாது.

பழைய கட்டுப்பாட்டு யந்திரம் அச்சுப் பொறியுடன் பேசும் மொழி மிக எளியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பி வழியே செல்லும். 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 என்னும் தொடர் இணைப்பு ஒருவகை. 1970-இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொணர்ந்த இணை இணைப்பு மற்றொரு வகை. தந்தி அச்சுக் கருவிகளின் வழிவந்த 20 மில்லியாம்பியர் மின்னோட்டச் சுற்றையும் மிகப் பழைய பொறிகளிற் காணலாம். (இந்த எண் வரிசையில் ஆங்கில எழுத்துக்களே உண்டு. மூணாற்றிலோ சித்தூரிலோ பணிபுரியும் தமிழரான பணியாளர் தம் யந்திரத்தின் எச்சரிக்கைகளை ஆங்கிலச் சுருக்கங்களாகவே படிக்கப் பழகியவர்.) வரி முடிந்ததும் அது காகிதத்தில் ஏறிவிடும். அடுத்த நொடி மின்சாரம் போனாலும் எழுதியது எழுதியதே.

புதிய லேசர் பொறி வரியை அறியாது, பக்கத்தையே அறியும். ஒரு வரி வந்தால் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பக்கம் நிறையும் வரையிலோ பக்கத்தை வெளியிடுக என்ற கட்டளை வரும் வரையிலோ காத்திருக்கும். அதற்குள் மின்சாரம் நின்றால் அவ்வரி அழிந்துபோகும். மலிவான பொறிகள் பலவற்றுக்கு எழுத்தெண்களே புரிவதில்லை. கணிப்பொறி பக்கத்தைப் படமாக்கித் தந்தாலன்றி அவை அச்சிடா. உபயோகமில்லாத வேளையில் உறங்கும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. காகிதத்தைச் சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரமோ மிகுதி. ஆகவே விபத்து வேளையில் சிறிய மின்கலச் சாதனத்தைக் கொண்டு இயக்குவது கடினம்.

கடைகளில் விற்கும் யு.எஸ்.பி. மாற்றுக் கம்பியைப் பற்றியும் ஒரு சொல். அது புதிய கணிப்பொறியைப் பழைய அச்சுப் பொறியுடன் இணைப்பதற்காக ஆனது. பழைய யந்திரத்தைப் புதிய அச்சுப் பொறியுடன் இணைக்க அதைத் திருப்பிப் பொருத்தினால் வேலை செய்யாது. யு.எஸ்.பி. முறையில் கட்டளையிடும் தலைமைப் பொறி ஒன்று வேண்டும்; பழைய யந்திரம் அவ்வாறு தலைமை தாங்க அறியாது.

அதற்காகப் பழையதைப் போற்றித் தொழ வேண்டியதில்லை. 1979 மார்ச் மாதம் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, எச்சரிக்கைகள் வெள்ளமென வந்து குவிந்தன. அவற்றை எழுதிய அச்சுப் பொறி ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிவிட்டது. நடப்பதை அறிய விரும்பியவர்களுக்கு எப்போதோ நடந்ததே கிடைத்தது.

ஆகவே நடுவில் ஒரு சிறு பெட்டியை வைப்பதே தக்க முறை. கட்டுப்பாட்டு யந்திரம் அனுப்பும் எழுத்துக்களை அப்பெட்டி பெற்று, நேரக் குறிப்புடன் முதலில் தன் நினைவகத்தில் நிலையாகப் பதிய வேண்டும். அதன் பின்னரே அச்சுக்கு அனுப்ப வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. அச்சுப் பொறி தயார் என்னும் குறிப்பு வராவிடில் பழைய யந்திரங்கள் சில எழுதுவதையே நிறுத்திவிடும். ஆதலால் அக்குறிப்பைப் பெட்டியே இடைவிடாது தர வேண்டும். அப்படித் தருவதால் காகிதம் தீர்ந்தது யந்திரத்துக்குத் தெரியாமற் போகும். அந்த எச்சரிக்கையையும் பெட்டியே மணியடித்துச் சொல்லுமாறு அமைத்தல் அவசியம். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அலுவலக வலையமைப்பில் உள்ள அச்சுப் பொறியோடு கட்டுப்பாட்டு யந்திரத்தை நேரே இணைப்பதை நான் முற்றும் எதிர்க்கிறேன். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல், விண்டோஸ் கணிப்பொறிகளில் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தும் நிரலில் இருந்த குறையையும் ஒரு வழியாகக் கொண்டு பரவியது. அதன் குறியோ சீமென்ஸ் தொழிற்கட்டுப்பாட்டுப் பொறிகள். அச்சுப் பொறிக்காகத் திறந்த கதவு அச்சுப் பொறிக்கு மட்டுமே திறப்பதன்று. பெட்டிக்கும் யந்திரத்துக்கும் இடையே எழுத்து ஒரு திசையில் மட்டும் செல்லட்டும். ஒளிவழித் தடுப்பு ஒன்றும் இருக்கட்டும்.

செலவைக் காட்டிச் சிலர் முழுக் கட்டுப்பாட்டு அமைப்பையே மாற்றச் சொல்வர். காலம் வரும்போது அதுவும் வேண்டியதே. அச்சுப் பொறி கெட்டது அதற்குக் காரணமாகாது. நம் நாட்டில் டி.வி.எஸ். முதலிய நிறுவனங்களின் டாட் மேட்ரிக்ஸ் பொறிகள் இன்னமும் விற்பனையில் உள்ளன. இடுக்கியின் மழைக்கால ஈரத்தில் தாள் சுருண்டு சிக்கிக்கொள்ளும் லேசர் பொறியைவிட, கார்பன் படியும் தரவல்ல இவை பல இடங்களுக்கு ஏற்றவை.

பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இதை மாணவர்க்கு ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். கழித்த டாட் மேட்ரிக்ஸ் பொறி ஒன்றையும், எழுத்தெண்களை அறியும் லேசர் பொறி ஒன்றையும் அருகருகே வையுங்கள். 27, 64 என்னும் எண்களை முதற் பொறிக்கு அனுப்பினால் அது தன் பழைய அமைப்புகளைக் களைந்து தொடக்க நிலைக்கு வரும். பின்பு ஒரே ஒரு வரியை, இறுதியில் 13, 10 என்னும் எண்களுடன் இரண்டுக்கும் அனுப்புங்கள். முதற்பொறி உடனே எழுதும். இரண்டாவது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அந்நிலையில் அதன் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, 12 என்னும் எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய வரி எங்கே போயிற்று என்று மாணவர்களே கேட்பார்கள்.