நந்தா விளக்கும் திசு பாங்கியும்

பாங்கி என்றால் பணம் போட்டு வைக்கும் இடம் என்றுதான் நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். மனிதச் சதையைச் சேர்த்து வைக்கும் பாங்கியும் உண்டு. திருவல்லிக்கேணியிலிருந்து தெற்கே போய் அடையாற்றைத் தாண்டினால் வருகின்ற சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய சர்க்காரின் அறிவியல் துறை உதவியோடு தேசியப் புற்றுநோய்த் திசு பாங்கி என்பதாக ஒன்று ஏற்படுத்தப்பட்டிருக்கின்றது. ஆப்பரேஷனில் வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை, நோயாளியின் எழுத்து மூலமான சம்மதத்தோடு வாங்கி, உறைய வைத்துக் காப்பதே இதன் வேலை.

இதனால் பலன் என்ன என்று சிலர் கேட்கலாம். இப்படிப்பட்ட திசுக்களைக் கொண்டுதான், மார்புப் புற்றுநோய் கண்ட 480 பேரின் 960 மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் இந்தியருக்கென ஒரு புற்றுநோய் மரபணுத் தொகுப்பை ஐ.ஐ.டி. வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் வெள்ளைக்காரர் உடம்பை ஆராய்ந்து கண்ட கணக்கை வைத்தே நம் பெண்களுக்கும் வைத்தியம் நடந்து வந்தது. இந்த அறிவு எந்தக் கடவுள் அருளாலும் வந்ததல்ல. நோயாளிகள் மனமுவந்து கொடுத்ததால் வந்தது.

நிற்க, கொடுத்ததைக் காப்பாற்றுவது யார் என்பதே நம் கேள்வி. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், திசு பல பத்தாண்டுகள் கெடாமலிருக்கும். ஆனால் நைட்ரஜன் நாள்தோறும் ஆவியாகிக் கொண்டேயிருக்கும். ஊற்றிக் கொண்டேயிருக்க வேண்டும். மின்சாரம், ஜெனரேட்டர், இரவில் காவலிருக்கும் ஆள், எல்லாவற்றிற்கும் மாதாமாதம் பணம் வேண்டும். ஆராய்ச்சிக்கான மானியமோ மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று வருகின்றது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். மின்சார பில்லுக்கு யார் வருவார்?

2023 டிசம்பரில், ஸ்வீடன் தேசத்துக் காரோலின்ஸ்கா நிலையத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நைட்ரஜன் வரத்து நின்று, 16 தொட்டிகளிலிருந்த மாதிரிகள் பாழாயின. சுமார் 30 வருஷச் சேகரிப்பு சில நாளில் போயிற்று. பணக்கார தேசத்திலேயே இப்படியென்றால், 2015லும் 2023லும் வெள்ளத்தில் மூழ்கிய சென்னையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

என்றென்றைக்கும் நடத்தும் ஏற்பாடு நம்மால் ஆகாது என்பாருண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கட்டும். ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றிற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பேரும் வைத்தார்கள். ஆடு செத்தாலும் கணக்குச் சாகாது; இடையர் மந்தையைக் குறையாமல் வைத்து நெய் அளந்தாக வேண்டும். ஆகவே யோசனை நம்மவருக்கு இல்லாமலில்லை. அது கல்லின் முன் எரியும் விளக்குக்கே செலவாயிற்று என்பதுதான் நம் வருத்தம்.

ஆனால் முதல் வைத்தால் மட்டும் போதாது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலிலுள்ள பல்லவன் தந்திவர்மனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு என்ன சொல்லுகின்றது? கோயிலைச் சேர்ந்தவர்களே நிலத்தை அடகு வைத்ததால் படையல் குறைந்து போயிற்று. புகழ்த்துணை விசையரையன் என்பவர் அதை மீட்டுக் கொடுத்தார் என்கின்றது. சாமி சொத்துக்கே இந்தக் கதி என்றால், கேட்பாரில்லாத சதைத் துண்டின் கதி என்ன?

ஆதலால் நாம் சொல்லுவது இது. ஒரு மாதிரியை வாங்கும் போதே அதைக் காக்கும் செலவையும் கணக்கிட வேண்டும். மருந்துக் கம்பெனிகளிடம் நிறையவும், மாணவரிடம் குறையவும் கட்டணம் வாங்க வேண்டும். தொடாத மூலதனம் ஒன்று வைத்து வட்டியை மட்டும் செலவிட வேண்டும். வந்தது எத்தனை, ஆராய்ச்சிக்குப் போனது எத்தனை, கெட்டது எத்தனை என்று வருஷந்தோறும் வெளியிட வேண்டும். யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடப்பது பாங்கி அல்ல, சுடுகாடே.

1904ல் இதே திருவல்லிக்கேணியில் சாதாரண மக்கள் பங்கு போட்டு ஆரம்பித்த கூட்டுறவுப் பண்டகசாலை நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றது. அரிசி பருப்புக்கு முடிந்தது அறிவுக்கு முடியாதா? உண்டியலில் போடுகின்ற கை ஒரு தரம் இந்தப் பக்கமும் திரும்பட்டும். தன் உடம்பின் துண்டைக் கொடுத்தவள் ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. அது வீணாகாமலிருக்க வேண்டும் என்றாவது நாம் கேட்க வேண்டாமா?