காதுக்கும் வாய்க்கும் மார்க் உண்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே, "இங்கிலீஷ்ல எத்தனை?" என்றுதான் தெருவே கேட்கிறது. தொண்ணூறு வாங்கின பெண்ணும் ஓசூரில் இன்டர்வியூ என்றால் வாயடைத்து நிற்கிறாளே, ஏன்?

இரண்டு தாளாக இருந்த ஆங்கிலத்தை 2018-19ல் ஒன்றாக்கினார்கள். சுமை குறைந்தது, சரி. ஆனால் 100-ல் 90 மார்க் எழுத்துக்குத்தான், மீதி 10 அகமதிப்பீடு. பாராகிராஃபை உருப்போட்டால் கரையேறிவிடலாம்!

சீனாவிலும் ஆங்கிலம் வீட்டில் புழங்காத மொழிதான். அங்கே 'காவோகாவ்' என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மார்க். பல மாகாணங்களில் அதில் 30, ஒலிப்பதிவைக் காதால் கேட்டு விடை எழுதுவதற்கு. உடனே எல்லோரும் பொளந்து கட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மார்க் இருந்தால்தானே வாத்தியார் வகுப்பில் கேட்கப் பழக்குவார்? நம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. அந்த 90-ல் ஒரு பத்தைக் காதுக்கு ஒதுக்கினால் என்னவாம்?

- ஒரு வாசகி, பாப்பாரப்பட்டி.