நாவிழந்தோரும் சர்க்காரும்

பாரிசவாயு கண்டு பேச்சிழந்த ஒருவரைப் பார்த்து, "அவருக்குப் புத்தி போய்விட்டது" என்று சொல்லிவிடுவது நம் ஜனங்களிடையே சகஜமாயிருக்கிறது. இது பெரும் பிழை. 1861-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரை அடுத்த பீசெத்ர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்ற ஒரே ஒலிதான் அவர் வாயில் வரும். ஆயினும் பிறர் சொல்வதைப் பெரும்பாலும் அவர் அறிந்துகொண்டார். சைகையினால் பதிலும் சொன்னார். அவர் இறந்த பின் புரோக்கா என்னும் வைத்தியர் மூளையைப் பரிசோதித்து, இடப்புறத்து முன்பாகத்தில் நேர்ந்த சேதமே பேச்சைப் பறித்தது என்று காட்டினார். 160 வருஷங்களுக்கு மேலாகியும் இவ்வுண்மை நம் வீடுகளுக்குள் நுழையவில்லை. பேச்சிழந்த தகப்பனாரை ஒரு வார்த்தை கேளாமலே அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் பதித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இதனினும் அவசரமானது விழுங்கும் விஷயம். பாரிசவாயு தொண்டைத் தசைகளையும் தாக்குகிறது. உறவினர் அன்பினால் இளநீரும் காப்பியும் கொண்டு வந்து, மல்லாந்து கிடப்பவர் வாயில் ஊற்றுகிறார்கள். உணவுக் குழாயில் இறங்க வேண்டியது மூச்சுக் குழாயில் இறங்குகிறது. சிலருக்கு இருமல்கூட வருவதில்லை. சில தினங்களில் நுரையீரலில் சீழ் பற்றிக் காய்ச்சல் காண்கிறது. விதி என்று சொல்லி அழுகிறோம். ஊட்டுவதற்கு முன் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு கரண்டி நீர் கொடுத்து, விழுங்குகிறாரா, குரல் மாறுகிறதா என்று பழகியவர் ஒருவர் பார்த்திருந்தால் இவற்றில் பல மரணங்களைத் தடுத்திருக்கலாம். தண்ணீரை விழுங்க முடியாத பலர் கெட்டிக் கஞ்சியை விழுங்குவர். இதைக் கண்டறிவதும் பேச்சுச் சிகிச்சை நிபுணரின் தொழிலே.

ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்குவாய் இருந்தது. 1926 முதல் லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியர் அவருக்குப் பயிற்சி அளித்தார். 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி மன்னர் ரேடியோவில் யுத்தச் செய்தியைச் சொல்லி முடித்ததற்கு அப்பயிற்சி பெரிதும் உதவிற்று. (அதே தினத்தில் வைஸ்ராய் நம் தலைவர்களில் ஒருவரையும் கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார் என்பது வேறு கதை.) மன்னருக்குக் கிடைத்தது நம் குடியானவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

சட்டத்தில் குறைவில்லை. மூளைச் சேதத்தாலோ, குரல்வளையை அறுத்தெடுத்ததாலோ நிரந்தரமாக வரும் பேச்சுக் குறையை 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டப்படி ஜில்லா மையங்களில் பேச்சுச் சிகிச்சை நிபுணருக்கு இடமுண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால் அவர் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியவர். 50 வயதில் பேச்சிழந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

பாஷை விஷயமும் உண்டு. ஊசி மருந்துக்குப் பாஷை கிடையாது. இச்சிகிச்சைக்கோ பாஷையே மருந்து. ஆனால் நம் மாணவர்கள் இத்தொழிலை ஆங்கிலத்தில் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். வந்தான், வந்தாள், வந்தது என்ற வேற்றுமை ஆங்கில வினைச்சொல்லில் இல்லை. மூளை அடிபட்ட தமிழர் இவ்விகுதிகளில் தடுமாறக் கூடும். இவற்றைத் திரும்பக் கற்பிக்க ஆங்கிலப் பாடநூல் எவ்விதம் உதவும்? சம்சாரிக்கு மம்மட்டியையும் வரப்பையும் காட்டிப் பெயர் சொல்லச் செய்ய வேண்டும். அவர் வாழ்நாளில் காணாத பொருளின் படத்தைக் காட்டி அவர் விழித்தால், அதை நோயின் கணக்கில் எழுதலாகாது.

சென்னை சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் வயது வந்தோருக்கென ஒரு பேச்சுச் சிகிச்சை நிபுணரை நியமிக்கட்டும். பாரிசவாயு நோயாளிக்கு விழுங்கும் சோதனை செய்யாமல் வாய் வழியே எதுவும் கொடுக்கலாகாது என்று உத்தரவிடட்டும். தமிழில் பயிற்சி நூல்கள் எழுதப் பணம் ஒதுக்கட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த பட்ஜெட் விவாதத்தில் இம்மூன்றையும் பற்றி மந்திரியிடம் பதில் கேட்டு வாங்க வேண்டும்.