எல்லாப் பழியும் வைக்கிங் தலையிலதானா?

அயர்லாந்து மடாலயங்களைப் பற்றி எந்த டாகுமெண்டரி பார்த்தாலும் முதல் காட்சி ஒண்ணுதான். பனிமூட்டம், பாம்புத்தலை வச்ச கப்பல், தாடிக்காரன், கையில கோடாலி. பின்னணியில ஒருத்தர் கரகர குரல்ல, நாகரிகமே அணைஞ்சு போச்சுங்கிற ரேஞ்சுக்குப் பேசுவார். பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு சாமி.

ஷானன் நதிக்கரை க்ளான்மக்நாய்ஸையே எடுத்துக்குங்க. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கீரன் (நம்ம நக்கீரனுக்குச் சொந்தமில்லை :-)) என்ற துறவி ஆரம்பிச்ச மடம். ஆற்றுவழியும் கிழக்கு மேற்கா போற சாலையும் சந்திக்கிற இடம். அதனால போகப் போக ஒரு ஊராவே வளர்ந்துடுச்சு. பட்டறை, மாடு, நிலம், பொன், அரசர்களோட சமாதி எல்லாம் அங்கேதான்.

அயர்லாந்தில் வைக்கிங் கொள்ளை பற்றிய முதல் குறிப்பு 795இல் வருது. ஆனா 764லேயே க்ளான்மக்நாய்ஸ் ஆளுங்களும் டரோ மடத்து ஆளுங்களும் மோதியிருக்காங்க. கவனிங்க மக்களே, ரெண்டு பக்கமும் மடம்! டரோ தரப்பில் 200 பேர் செத்ததா ஆண்டுக்குறிப்பு சொல்லுது. இதுக்கு எந்தக் கப்பல் வந்தது?

833இல் மன்ஸ்டர் அரசன் ஃபெலிமித் மடத்து ஆட்களைக் கொன்னு, தேவாலய வாசல் வரைக்கும் நிலத்தை எரிச்சான். இத்தனைக்கும் அவனே ஒரு மதகுரு. 847இல் செத்தப்போ அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு அவனை ஐரிஷ்காரர்களில் சிறந்தவன், எழுத்தர், துறவின்னு புகழுது. (இன்னொரு கதைப்படி, எப்பவோ செத்துப்போன கீரன் வந்து தடியால குத்தினதுலதான் அவனுக்கு வயித்து நோய் வந்ததாம். மடத்துக்காரங்க ஆத்திரம் அப்படி!)

845இல் துர்கெய்ஸ் தலைமையில் வைக்கிங்குகளும் எரிச்சாங்க. யாரு இல்லேன்னா? அவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா ஐரிஷ் அரசர்கள் அடிச்சதுக்குக் காரணம் வெறும் பொன் மட்டும் இல்லை. பெரிய மடத்துக்குப் பின்னாடி ஒரு அரச குலம் இருக்கும். 909 வாக்கில் அரசன் ஃப்ளான் சின்னாவும் மடாதிபதி கோல்மானும் சேர்ந்துதான் இங்கே பெரிய கல் தேவாலயத்தைக் கட்டினாங்க. அப்போ மடத்தை எரிச்சா எதிரி குலத்தை அடிச்ச மாதிரிதானே?

மெய்ல் முரேன்னு ஒரு எழுத்தர். ஐரிஷ் மொழியில் எழுதப்பட்டு இன்னிக்கும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கைப்பிரதியை எழுதினவங்கள்ல ஒருத்தர். 1106இல் அந்தக் கல் தேவாலயத்துக்குள்ளேயே கொள்ளைக்காரங்க அவரைக் கொன்னுட்டாங்க. க்ளான்டார்ஃப் போர் முடிஞ்சு 92 வருஷம் கழிச்சு! அவருக்கு ஒரு டாகுமெண்டரி எடுக்கக்கூட ஆள் இல்லை.

கடைசியா 1552இல் அத்லோன் கோட்டையிலிருந்து வந்த ஆங்கிலப் படை மணி, புத்தகம், ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வழிச்சுக்கிட்டுப் போச்சு. மடம் அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் படையில கொம்பு வச்ச தொப்பி போட்டவன் ஒருத்தனும் கிடையாது. (நிஜ வைக்கிங்கும் அதைப் போட்டதில்லை, அது தனிப் பதிவு.)

வைக்கிங்தான் காரணம்னு பின்னூட்டம் போட வர்றவங்க, 764க்கும் 833க்கும் பதில் சொல்லிட்டுப் போடுங்க.