முதலில் கல், பிறகு கியர்

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பாதையிலும், 1929-ஆம் ஆண்டில் தோன்றிய போ தேயிலைத் தோட்டத்திற்குள் வளைந்து செல்லும் குறுகிய சாலையிலும், மழை ஓய்ந்த மாலை வேளையில் ஒரு பழைய லேண்ட் ரோவர் யந்திரம் அவிந்து நின்றுவிட்டால், உதவிக்கு ஓடிவரும் நல்ல மனிதர்கள் முதலில் சொல்வது, "ஃப்ரீ கியர் போடுங்க, தள்ளிடலாம்" என்பதுதான். அவர்களுடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் மலைச் சரிவில் அந்த வார்த்தை கடைசியாக வரவேண்டியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கியரில் நிற்கும் வண்டியை, ஓய்ந்துபோன யந்திரமும் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை விடுவித்த கணத்தில் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. யந்திரம் ஓடாதபோதோ, பிரேக்குக்குத் துணைநிற்கும் விசை இரண்டொரு மிதியிலேயே தீர்ந்து, மிதிகட்டை கல்லாகிவிடுகிறது. லேண்ட் ரோவரில் இன்னொரு விசேஷமும் உண்டு: பழைய வண்டிகளில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, பின்னால் செல்லும் சுழல்தண்டைத்தான் பிடிக்கிறது, ஆகவே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் மற்றச் சக்கரமும் கட்டவிழ்ந்துவிடும்.

ஒருநாள் ஹாபு அருகே, முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டியொன்று கிளட்ச் எண்ணெய் ஒழுகி, மிதி தொளதொளத்து, கியர்க் கம்பு அசைய மறுத்து நின்றது. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பள்ளத்துப் பக்கமாக இரண்டு சக்கரங்களுக்கும் கல் அண்டக்கொடுத்து, குதிகாலால் இறுக்கினார். உடையவரை உள்ளே உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமலிருக்க. முன்சக்கரங்களை மலைச்சுவர்ப் பக்கம் ஒடிக்கவைத்தார். பிறகு கைப்பிரேக்கைத் தளர்த்தி, கால் பிரேக்கின்மேலேயே இருக்க, நாங்கள் பக்கவாட்டில் நின்று ஒரு விரற்கடை மேல்நோக்கித் தள்ளினோம். பற்சக்கரங்களின்மேல் சாய்ந்திருந்த சுமை நீங்கியதும், பலங்கொண்டு இழுத்தும் வராத கம்பு இரு விரலுக்கு இணங்கி நடுவுக்கு வந்தது. வண்டி மெல்லச் சாய்ந்து கல்லின்மேல் அமர்ந்த அந்தச் சிறு கரகரப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கிளட்ச் நல்லநிலையில் இருந்தால், அதை முழுதும் மிதித்தாலே போதும், தள்ளவேண்டிய அவசியமில்லை. ஆனால் கிரமம் மாறக் கூடாது. வண்டியின் கீழ்ப்பக்கத்தில் எவரும் நிற்கவும் கூடாது.

ஓட்டுநர் பள்ளிகள் இதைச் சரிவிலேயே நிறுத்திக் கற்பிக்கவேண்டும். அதுவரை, இந்த மலைக்கு ஏறும் அன்பர்களே, ஆப்பு வடிவில் வெட்டிய மரக்கட்டை இரண்டை வண்டியில் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.