ஃபௌஜா சிங் யாருக்காக ஓடினார்?

ஃபௌஜா சிங் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தலைப்பாகை, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி, குச்சிக் கால்கள், நூறு வயதில் மாரத்தான். அவ்வளவுதான், இல்லையா? 2025 ஜூலை 14 அன்று பஞ்சாபில் தன் சொந்த ஊரான பியாஸ் பிண்டில் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி அவர் இறந்தார். அன்று எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளிலும் வயதுதான் தலைப்பு. 114!

அந்த வயதை எடுத்துவிட்டாலும் அவர் கதையில் மிச்சம் நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. முதலில் வயது சமாச்சாரத்தை முடித்துவிடுவோம்.

அவருடைய பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 1911 ஏப்ரல் 1. நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து ராணியிடமிருந்து வாழ்த்துக் கடிதமும் வந்தது. ஆனாலும் கின்னஸ்காரர்கள் "உலகின் மிக வயதான மாரத்தான் ஓட்டக்காரர்" என்ற சாதனையைத் தரவில்லை. பிறந்த காலத்துச் சான்றிதழ் வேண்டுமாம். 1911-ல் ஒரு பஞ்சாப் கிராமத்தில் அதற்கு எங்கே போவது? நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளிலேயே எத்தனை பேருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள்! சான்றிதழ் இல்லாமல் சாதனை இல்லை என்று கின்னஸ் சொல்வது அவர்கள் தொழிலுக்குச் சரி. அதற்காகக் கோபப்பட்டு பெட்டிஷன் போடும் அளவுக்கு அது முக்கியமான விஷயமாகவும் எனக்குப் படவில்லை. ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே இருந்தால்தான் என்ன? ஓடியது ஓடியதுதானே.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிறு வயதில் அவருக்குக் கால்களில் வலு இல்லை. ஐந்து வயது வரை நடக்கவே இல்லையாம். ஊர்ப் பிள்ளைகள் "டண்டா" (குச்சி) என்று கேலி செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. பிறகு விவசாயம், குடும்பம், பிள்ளைகள். 1992-ல் மனைவி இறந்தார். 1994-ல் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு விபத்து. மகன் குல்தீப் அவர் கண்ணெதிரிலேயே இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய மனிதர். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்ட் என்ற இடத்தில் இன்னொரு மகன் வீட்டில் வாழ்க்கை. ஆங்கிலம் தெரியாது. வெளியே குளிர். உள்ளே துக்கம். இந்த நிலையில்தான் அவர் ஓட ஆரம்பித்தார்.

இதை யாரும் "உடற்பயிற்சி" என்று சொல்லக்கூடாது. உட்கார்ந்தால் மனசு தின்றுவிடும் என்று எழுந்து ஓடியவர் அவர். நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள், துக்கம் நடந்த வீட்டில் ஒரு அத்தை மட்டும் ஓயாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஜாதி ஓட்டம்.

இப்படித் துக்கத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள். ஃபௌஜா சிங்குக்கு அப்படி ஆகாமல் போனதற்கு ஹர்மந்தர் சிங் என்ற பயிற்சியாளர் காரணம். பெரியவர் முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். முதலில் உடையிலிருந்தே மாற்ற வேண்டியிருந்தது போல!

கோச்சிங் என்றால் நமக்கு உடனே நீட் கோச்சிங் சென்டர்தான் ஞாபகம் வரும். விரட்டுகிறவர், மார்க்கைச் சொல்லி அடிக்கிறவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறவர். 89 வயதுக்காரருக்குப் பயிற்சி கொடுப்பது இதற்கு நேர் எதிரான வேலை. அவரை ஓட வைக்க வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். எந்த நாள் ஓடக்கூடாது, எந்த வேகத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லிப் பிடித்து வைப்பதுதான் வேலை. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். முதல் பத்து கிலோமீட்டரில் ஆசைப்பட்டு வேகமாகப் போனவன் கடைசி பத்தில் அழுவான். இருபது வயதுக்காரனுக்கே இதுதான் கதி.

கணக்கைப் பாருங்கள். 2000-ம் வருட லண்டன் மாரத்தானில், 89 வயதில், அவர் எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம். 2003-ல் டொரண்டோவில், 92 வயதில், 5 மணி 40 நிமிடம். மூன்று வருடம் மூப்பு கூடியிருக்கிறது, நேரம் ஒரு மணிக்கு மேல் குறைந்திருக்கிறது. பருப்பு, ரொட்டி, கீரை, தயிர், இஞ்சி டீ என்ற அவருடைய சாப்பாட்டு ரகசியத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். ரொட்டியும் பருப்பும் சாப்பிடுகிற கோடிக்கணக்கான பேர் யாரும் 92 வயதில் இப்படி ஓடவில்லையே! கூடவே ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொண்டதுதான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். பேட்டிகளில் அவருக்கு மொழிபெயர்ப்பாளரும் அவரேதான்.

அந்த முதல் லண்டன் மாரத்தானை ஃபௌஜா சிங் ஓடியது பிளிஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்காக. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுக்காக வேலை செய்யும் நிறுவனம் அது. பிறந்து மூச்சுவிடவே சிரமப்படும் சிசுக்களுக்காக, மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவர் ஓடினார். தன் துக்கத்தை இப்படித் திருப்பிவிடலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் யோசிக்கக் கிடைத்த விஷயம்.

இங்கே உடனே ஒரு கேள்வி வரும். விடுதியில் இதைப் பேசியபோது நண்பன் கேட்டான்: "குழந்தைகளுக்குப் பணம் வேணும்னா பணத்தைக் கொடுக்க வேண்டியதுதானே? ஒரு கிழவர் எதுக்கு ஏழு மணி நேரம் ஓடணும்? அவர் ஓடினா குழந்தைக்கு மூச்சு வருமா?"

நியாயமான கேள்விதான். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பணம் வேண்டும் என்று நேராகவே கேட்கலாமே, எதற்கு விருந்து? கேட்க முடியாது. கேட்பதற்குக் கூச்சம், கொடுப்பதற்குத் தயக்கம். இரண்டையும் போக்க ஒரு நிகழ்ச்சி வேண்டும். மாரத்தானும் அப்படி ஒரு விருந்துதான். என்ன, மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். இங்கே வாங்கியவன் ஓட வேண்டும்.

ஏன் ஓட்டம், ஏன் ஒரு பிக்னிக் போதாது? இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஒலிவோலா, ஷஃபீர் என்ற இரண்டு பேர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. ஜாலியான பிக்னிக் என்றால் கொடுப்பதைவிட, கஷ்டப்பட்டு 5 மைல் ஓட வேண்டும் என்றால் தொண்டுக்கு அதிகம் கொடுக்க ஜனங்கள் தயாராக இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று பழனிக்குப் பாதயாத்திரை போகிற அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் உடம்பை வருத்திக்கொள்வது நமக்குத் தெரிந்த மொழி.

லண்டன்காரர்கள் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்கள். 1981-ல் தொடங்கிய பந்தயம். ஓட விரும்புகிறவர்கள் ஏராளம், இடம் கொஞ்சம். அதனால் தொண்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்களைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த இடம் வேண்டும் என்றால் இவ்வளவு பணம் திரட்டித் தருவேன் என்று ஓடுகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 2000 பவுண்டு அளவில். அதில் வியாபாரம் இருக்கிறது என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன். சொந்தக்காரர் வட்டம் வசதியாக இருக்கிறவனுக்குத்தான் 2000 பவுண்டு எளிதில் சேரும். ஆனால் யாருக்காக ஓடுகிறான், எவ்வளவு சேர்த்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிகிறது.

நம் ஊர் "விழிப்புணர்வு ஓட்டம்" எப்படி இருக்கிறது? காலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். ஒரு வி.ஐ.பி. ஒரு மணி நேரம் தாமதமாக வந்து கொடியசைப்பார். முதல் இருநூறு மீட்டர் எல்லோரும் ஓடுவார்கள், கேமரா அங்கேதான் இருக்கும். அப்புறம் நடை, செல்ஃபி, பொங்கல் வடை. சாலை முழுக்கத் தண்ணீர் பாட்டில். எதைப் பற்றி விழிப்புணர்வு என்று கேட்டால் டி-ஷர்ட்டைத் திருப்பிப் படித்துவிட்டுச் சொல்வார்கள்! கட்டணத்தில் எவ்வளவு எங்கே போனது என்று கேட்டால், "எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான் தம்பி."

எல்லா ஓட்டமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மும்பை மாரத்தானில் 2009 முதல் யுனைடெட் வே மும்பை என்ற அமைப்பு தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டும் வேலையை ஒழுங்காக நடத்துகிறது. ஆக, நம்மாலும் முடியும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை எல்லோருக்கும் தெரியும். புற்றுநோயால் வலது காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980-ல் 143 நாட்களில் 5373 கிலோமீட்டர் ஓடிய பையன். அவன் வைத்த கோரிக்கை ரொம்ப எளிமையானது: ஒவ்வொரு கனடியரும் ஆளுக்கு ஒரு டாலர். தன் ஓட்டத்தை வைத்து எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தான். எவ்வளவு, எதற்கு, யார் லாபம் பார்க்கக்கூடாது என்று மூன்றும் தெளிவு. நம் வகுப்பில் அடுத்த ஓட்டம் நடத்தத் திட்டம் போடும் நண்பர்களுக்கு இதுதான் என் வேண்டுகோள். டி-ஷர்ட்டை விடுங்கள். ஒரே ஒரு வார்டு, ஒரே ஒரு பள்ளி, ஒரு பெயர் சொல்லுங்கள். முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நானும் ஓடுகிறேன், என் மாமாக்களிடம் கேட்டு வாங்கியும் தருகிறேன்.

ஃபௌஜா சிங்கைக் கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். 2004-ல் அடிடாஸ் விளம்பரத்தில் வந்தார். போஸ்டரில் அவர் காலைப் பார்த்து ஷூ வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் 2011 அக்டோபர் 16 அன்று டொரண்டோவில் நடந்ததையும் பாருங்கள். அன்றைய பந்தயத்தில் ஜெயித்த கென்யாக்காரர் எல்லையைத் தொட்டு ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. வேலையாட்கள் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஸ்பான்சர் பேனர்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதுதான் நூறு வயதுப் பெரியவர் கடைசி சில நூறு மீட்டரில் வந்துகொண்டிருக்கிறார். 8 மணி 11 நிமிடம். பேனர் இல்லாத இடத்திலும் அவர் ஓடி முடித்தார். பேனர்காரர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

2013 பிப்ரவரி 24 அன்று ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் பந்தயத்தை 1 மணி 32 நிமிடம் 28 நொடியில் முடித்துவிட்டுப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். 102-வது பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. நிறுத்தச் சரியான நேரம் என்று நினைக்கிறேன். கூட்டம் கைதட்டுகிறது என்பதற்காக இன்னொரு மாரத்தானுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நடப்பதை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. அவர் இறந்தபின் ஹர்மந்தர் சிங்கின் "சீக்ஸ் இன் தி சிட்டி" ஓட்டக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இல்ஃபோர்டில் அவர் பயிற்சி செய்த பாதையிலேயே அவர் பெயரில் ஒரு கிளப் கட்டடம் எழுப்ப வேண்டும், அதற்கு நிதி திரட்டும் வேலையை இரண்டு மடங்காக்கப் போகிறோம் என்று.